மிச்சியோ யசுதா: கிப்லி படங்களுக்கு நிறம் கொடுத்தவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களோடு உட்கார்ந்து கிப்லி படங்கள் பார்க்கும்போதெல்லாம் பேச்சு இயக்குநர் மியாசாகியைச் சுற்றியே போகும், நான் மட்டும் நடுவில் யசுதா பெயரை இழுத்துவிடுவேன். உடனே கேள்விகள் வரும், பெரும்பாலும் அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

யாருங்க இந்த மிச்சியோ யசுதா? நான் பேரே கேள்விப்பட்டதில்லையே.

ஜப்பானின் கிப்லி அனிமேஷன் ஸ்டுடியோ படங்களுக்கு வண்ண வடிவமைப்பாளராக இருந்த பெண்மணி. 1939-ல் டோக்கியோவில் பிறந்தார், 2016 அக்டோபரில் 77 வயதில் இறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு 1958-ல் தோயே அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்தவர், அதிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஐம்பது வருடம் இதே வேலை.

'நௌஷிகா', 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்', 'ஒன்லி யெஸ்டர்டே', 'பிரின்சஸ் மோனோனோகே', 'ஸ்பிரிட்டட் அவே', 'போன்யோ', 'தி விண்ட் ரைசஸ்' எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. நீங்கள் பேரைக் கேட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் அவர் தேர்ந்தெடுத்த சிவப்பும் நீலமும் உங்கள் நினைவில் கட்டாயம் இருக்கும்.

வண்ண வடிவமைப்புன்னா பெயின்ட் அடிக்கிறதுதானே?

இல்லை, இரண்டும் வேறு வேலை. ஒரு பாத்திரத்தின் முடி, தோல், கண், சட்டை, செருப்பு, சட்டையின் நிழல் விழும் பகுதி என்று ஒவ்வொன்றுக்கும் எந்த நிறம் என்று முடிவு செய்பவர்தான் வண்ண வடிவமைப்பாளர். ஜப்பானில் இதற்கு 'ஷிகிசாய் செக்கேய்' என்று பெயர். அந்த முடிவை ஒவ்வொரு காட்சிக்கும் பிரித்து, எண் போட்டு எழுதிக் கொடுப்பது 'இரோ ஷிதேய்'. அந்த எண்களைப் பார்த்துப் பூசுவது 'ஷியாகே', அதாவது முடித்துக் கொடுப்பது. பூசி வந்ததில் பிழை இருக்கிறதா என்று சரிபார்ப்பது இன்னொரு வேலை. யசுதா இந்தப் படிகள் அனைத்திலும் வேலை பார்த்தவர், கடைசியில் கிப்லியில் அந்தத் துறை முழுவதையும் நடத்தியவர்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பாத்திரத்துக்குப் பத்துப் பகுதிகள் என்று வையுங்கள். வெளிச்சத்தில் ஒரு நிறம், நிழலில் ஒரு நிறம் என்றால் இருபது. அதே ஆள் காலையில், சாயங்காலத்தில், இரவில், விளக்கு வெளிச்சத்தில் வருகிறார் என்றால் எண்பது. இது ஒரே ஒரு பாத்திரத்துக்கு. படத்தில் ஐம்பது பேர் வந்தால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துல எப்படிப் பூசினாங்க? கம்ப்யூட்டர் இல்லாம?

ஓவியர் தாளில் பென்சிலால் வரைவார். அந்தக் கோட்டை 'செல்' என்கிற கண்ணாடி போன்ற மெல்லிய தகட்டில் எடுப்பார்கள், முதலில் கையால் மையில் வரைந்து, பிற்பாடு படியெடுக்கும் இயந்திரம் வந்தபின் அதில். அப்புறம் தகட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் பெயின்ட் பூசுவார்கள். அதனால்தான் முன்பக்கம் பார்த்தால் தூரிகை போன தடமே இல்லாமல் நிறம் சமமாக, தட்டையாகத் தெரியும். வெளிச்சமும் நிழலும் சேரும் எல்லையை ஓவியர் வண்ணப் பென்சிலில் கோடு போட்டுக் காட்டியிருப்பார், அந்தக் கோடு படத்தில் தெரியாதபடி அந்த நிறத்திலேயே கரைந்துபோக வேண்டும். கைரேகை படாமலிருக்கப் பருத்திக் கையுறை. ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியாகக் காயவைக்க அடுக்கடுக்காகத் தட்டுகள். தூசி விழுந்தால் போச்சு.

'பிரின்சஸ் மோனோனோகே' படத்துக்கு மட்டும் சுமார் 1,44,000 செல்கள். இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படம்.

இன்னொரு சங்கடம் இருக்கிறது, இதைச் சொன்னால் யாருமே முதலில் நம்புவதில்லை. செல் முழுக்க நிறமில்லாத பொருள் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக நாலு தகடு அடுக்கினால் அடியில் இருக்கும் நிறம் லேசாக மங்கித் தெரியும். ஒரே ஆள் ஒரு காட்சியில் மேல்தட்டில், அடுத்த காட்சியில் அடித்தட்டில் இருந்தால் அவர் சட்டை நிறம் மாறிவிட்ட மாதிரி இருக்கும். அதைச் சரிக்கட்ட, எந்த அடுக்கில் வருகிறது என்று பார்த்து ஒரு படி வெளிறிய பெயின்டைக் கொடுக்க வேண்டும். இதையும் வண்ணத்துறைதான் தலையில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இவர் ஓவியரா? படம் வரைவாரா?

இல்லை. தோயேயில் சேர்ந்ததே பூசும் பிரிவில், அப்புறம் கோட்டைப் படியெடுக்கும் பிரிவுக்கு மாறினார். அந்தக் காலத்தில் அந்தப் பிரிவுகள் பெரும்பாலும் பெண்களால் நிறைந்தவை, வரையும் பிரிவு பெரும்பாலும் ஆண்களால். வரைபவர் கலைஞர், பூசுபவர் தொழிலாளி என்கிற பார்வை அப்போது எங்கும் இருந்தது, இப்போதும் முழுக்கப் போய்விடவில்லை.

'ஷியாகே' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்தபிறகு கடைசியில் பளபளப்பு ஏற்றுகிற வேலை மாதிரி ஒலிக்கிறது. ஆனால் திரையில் நீங்கள் காணும் பாத்திரத்தின் மேனி முழுக்க அவர்கள் பூசியதுதான், ஓவியரின் பென்சில் கோடு அதன் விளிம்பில் இருக்கிறது. யசுதாவின் வாழ்க்கை எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். கடைசி மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், அந்த மேசையை விட்டு நகராமலேயே, இயக்குநர் படம் தொடங்கும்போதே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிற இடத்துக்கு வந்தார்.

மியாசாகியும் தகஹாதாவும் எப்படி இவருக்குப் பழக்கம்?

தோயேயின் தொழிற்சங்கத்தில். கிப்லியின் இன்னொரு இயக்குநரான இசாவோ தகஹாதா 1959-ல் அங்கே சேர்ந்தார், மியாசாகி 1963-ல். அதாவது யசுதா இருவருக்கும் முன்பே அங்கே இருந்தவர். சங்கத்தில்தான் மூவரும் நெருக்கமானார்கள். 1968-ல் வெளிவந்த, தகஹாதா இயக்கிய முதல் முழுநீளப் படமான 'ஹோரஸ்' வேலையிலும் மூவரும் இருந்தார்கள்.

பின்னால் தோயேயை விட்டு ஒவ்வொருவராக வெளியேறினாலும் உறவு அறுபடவில்லை. 1976-ல் தகஹாதா இயக்கிய 'தாயைத் தேடி மூவாயிரம் லீக்' தொடர், 1978-ல் மியாசாகியின் 'ஃபியூச்சர் பாய் கோனன்' தொடர், 1984-ல் 'நௌஷிகா' என்று தொடர்ந்து அவர்களோடு வேலை. 1985-ல் கிப்லி தொடங்கியபோது அவர் புதிதாக வந்த ஆளாக இல்லை, ஏற்கெனவே கால் நூற்றாண்டு அனுபவம் கையில் இருந்தது.

சரி, இயக்குநர் சொன்ன நிறத்தைத்தானே போடுவாங்க? இதுல இவர் பங்கு என்ன?

இயக்குநர் யாரும் வந்து "எண் இன்னது போடு" என்று சொல்வதில்லை. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், அந்தப் பெண் கோபத்தில் இருக்கிறாள், வீட்டில் மின்சார விளக்கு மட்டுமான வெளிச்சம் என்கிற மாதிரிதான் சொல்வார்கள். அதை எண்ணாக மாற்றுவது வண்ண வடிவமைப்பாளர். பின்னணியை வேறொரு துறை, கலை இயக்குநரின் கீழே, போஸ்டர் கலரில் வரைகிறது, உதாரணத்துக்கு 'டோட்டோரோ', 'ஒன்லி யெஸ்டர்டே' படங்களின் கலை இயக்குநர் கசுவோ ஓகா. அவர் ஆயிரம் பச்சை கலந்து ஒரு தோட்டத்தை வரைந்து வைத்திருப்பார். அதன்மேல் தட்டையான ஒரே நிறத்தில் ஒரு சிறுமி வந்து நிற்க வேண்டும், ஒட்டவைத்த மாதிரியும் தெரியக்கூடாது, பச்சைக்குள் காணாமலும் போகக்கூடாது. அந்த இடைவெளியில்தான் இவர் வேலை.

'நௌஷிகா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஓமு என்கிற ராட்சதப் பூச்சிகளின் கண்கள் அமைதியில் நீலம், கோபத்தில் சிவப்பு. இதைப் புரிந்துகொள்ள வசனமே வேண்டாம், நாலு வயதுக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். கடைசியில் நௌஷிகா போட்டிருக்கும் இளஞ்சிவப்பு உடை குட்டி ஓமுவின் ரத்தத்தில் தோய்ந்து நீலமாகிறது, நீல உடை அணிந்தவர் பொன்வெளியில் வந்து நிற்பார் என்ற பழைய தீர்க்கதரிசனம் அப்படித்தான் நிறைவேறுகிறது. கதையை எழுதியவர் மியாசாகி. ஆனால் அந்த இளஞ்சிவப்பு சற்றுத் தவறினாலும், அந்த நீலம் சற்று மங்கினாலும் முடிவு விழுந்துவிடும்.

'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' பார்க்க ஏதோ வித்தியாசமா மென்மையா இருக்கு. என்ன காரணம்?

கோடு. அந்தக் காலத்து அனிமேஷனில் உருவத்தின் விளிம்புக்கோடு கருப்புதான், அதுவே வழக்கம். இந்தப் படத்தில் பெரும்பாலும் பழுப்புக் கோடு. கருப்பு அவசியமான இடத்தில் மட்டும்தான் வருகிறது.

கேட்க எளிதாக இருக்கும், செய்யக் கடினம். கருப்புக் கோடு ஒரு வேலி மாதிரி, இரண்டு பக்கமும் என்ன நிறம் வந்தாலும் பிரித்துக் காட்டிவிடும். பழுப்பில் அந்த வசதி இல்லை. தோலும், பழுப்பேறிய சட்டையும், மண் சுவரும் ஒன்றோடொன்று கலந்துபோகும் அபாயம் இருக்கிறது. அதனால் உள்ளே பூசும் ஒவ்வொரு நிறத்தையும் பழுப்புக்கு ஏற்றபடி மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டதால்தான் படத்தின் அண்ணன் தங்கையான செய்தாவும் செட்சுகோவும் கேலிச்சித்திர உருவங்களாகத் தெரியாமல், உடம்பும் சூடும் உள்ள பிள்ளைகளாகத் தெரிகிறார்கள். ஆவிகளாக வரும் காட்சிகளில் அதே பிள்ளைகள் சிவப்பு வெளிச்சத்தில் தோய்ந்து நிற்பார்கள். எது நினைவு, எது இறந்தவர்களின் பார்வை என்று நிறமே சொல்லிவிடுகிறது, எழுத்துப் போட்டு விளக்கவில்லை.

அதே வருஷம் 'டோட்டோரோ'வும் வந்துச்சே, ரெண்டையும் இவரே செஞ்சாரா?

இரண்டும் 1988 ஏப்ரல் 16-ல் ஒரே டிக்கெட்டில் சேர்த்து வெளியான படங்கள். ஒரு சின்ன ஸ்டுடியோ ஒரே நேரத்தில் இரண்டு படம் எடுத்தால் நல்ல ஆட்களுக்கு இழுபறி வரத்தானே செய்யும். யசுதா தகஹாதாவின் 'கிரேவ்' பக்கம் நின்று அதன் வண்ணத்தைப் பார்த்துக்கொண்டார்.

'ஒன்லி யெஸ்டர்டே'யில சின்ன வயசுக் காட்சி மட்டும் வெளுத்த மாதிரி இருக்கே, பழைய பிரிண்டா?

இல்லை இல்லை, வேண்டுமென்றே அப்படி. 1991-ல் வந்த படம். 1982-ல் 27 வயது தாயேகோ டோக்கியோவிலிருந்து யமகதா பகுதியிலுள்ள ஒரு கிராமத்துக்குப் போகிறாள், கூடவே 1966-ல் ஐந்தாம் வகுப்புப் படித்த அவள் நினைவுகள் வருகின்றன. நினைவுக் காட்சிகளில் நிறம் நீர்த்து, படத்தின் ஓரங்கள் வெறும் வெள்ளையாகக் கரைந்துபோகும், நமக்கும் நினைவு அப்படித்தானே இருக்கிறது, நடுவில் முகம் தெரியும், சுற்றி என்ன இருந்தது என்று தெரியாது. நிகழ்காலக் காட்சிகளில் நிறம் ஓரம் வரை நிறைந்திருக்கும், கன்னத்தில் சிரிப்புக்கோடு வரை வரைந்திருப்பார்கள்.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த விஷயம், அவள் போவதே குசும்பப்பூ பறிக்க. பார்க்க மஞ்சளாக இருக்கும் பூ, அதிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கிறார்கள். நிறம் எவ்வளவு உழைப்பில் கிடைக்கிறது என்று ஒரு படம் உட்கார்ந்து காட்டுகிறது, அந்தப் படத்தின் நிறங்களையே கையால் பூசிய பெண்கள் ஒரு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு இது மனதில் தட்டும்.

ஒரு படத்துக்கு எத்தனை நிறம் தேவைப்படும்? எனக்கு ஒரு பத்திருபது போதும்னு தோணுது.

மேலே போட்ட கணக்கைப் பார்த்திருப்பீர்கள். செல் காலத்தில் ஒவ்வொரு நிறமும் எண் போட்ட ஒரு புட்டி, எனவே எத்தனை நிறம் என்பது நேரடியாகச் செலவு. கிப்லி படம் இல்லை, என்றாலும் ஒப்பிடச் சொல்கிறேன்: 1988-ல் வந்த 'அகிரா' படத்துக்கு 327 நிறங்கள், அதில் ஐம்பது அந்தப் படத்துக்கென்றே கலந்தவை. அதன் காட்சிகளில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. இரவு என்றால் எல்லாவற்றுக்கும் நீலத்தை ஏற்றிவிடும் வழக்கம் அப்போது இருந்தது, அதை விட்டு விலகியதால் அவ்வளவு நிறம் தேவைப்பட்டது.

கம்ப்யூட்டர் வந்ததும் வேலை சுலபமாகியிருக்குமே?

பூசுவது வேகமானது, காயவைக்க வேண்டாம், அடுக்கினால் மங்கும் தொல்லையும் போயிற்று. முடிவெடுப்பது மட்டும் சுலபமாகவில்லை. முன்பு சில நூறு புட்டிகளுக்குள் தேட வேண்டும், இப்போது திரையில் 1.67 கோடி நிறம். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிறபோது எதை விடுவது என்று தெரிந்த ஆளின் அருமை கூடத்தான் செய்யும்.

கிப்லியில் இந்த மாற்றம் யசுதா பொறுப்பில் இருந்தபோதுதான் நடந்தது. 1997-ல் 'மோனோனோகே'யில் பத்து நிமிடம் போலக் கணினியில் பூசினார்கள், மற்றது செல். யோசித்துப் பாருங்கள், ஒரு காட்சி பெயின்டில், அடுத்த காட்சி கணினியில், இரண்டிலும் அதே கதாநாயகி சான், அதே ஓநாய் ரோமம். பார்ப்பவருக்கு மூட்டு தெரியக்கூடாது. எனக்கு இன்று வரை தெரியவில்லை, எத்தனை முறை பார்த்தேனோ கணக்கில்லை. 1999-ல் 'மை நெய்பர்ஸ் தி யமதாஸ்' முழுக்கக் கணினியில் பூசிய முதல் கிப்லி படம், அது நீர்வண்ணம் போட்ட பத்திரிகைத் துணுக்கு மாதிரி தெரிய வேண்டிய படம். அதற்கு அடுத்தது 2001-ல் 'ஸ்பிரிட்டட் அவே', 2003-ல் ஆஸ்கர் வாங்கியது.

நாற்பது வருடம் பெயின்ட் புட்டியோடு வாழ்ந்த ஒருவர், ஐம்பத்தெட்டு வயதை ஒட்டி, எல்லாவற்றையும் திரையில் மறுபடி கற்றுக்கொண்டார். நம்மில் எத்தனை பேர் அந்த வயதில் புது மென்பொருளைத் தொடவே தயங்குகிறோம்.

அந்த மென்பொருள் என்னது? நானும் பயன்படுத்தலாமா?

டூன்ஸ். இத்தாலியில் உருவானது, கிப்லி தன் தேவைக்கு ஏற்ப மாற்றி வைத்திருந்தது. 2016 மார்ச்சில் அந்த கிப்லி பதிப்பை அடிப்படையாகக் கொண்டு ஓப்பன்டூன்ஸ் என்ற பெயரில் இலவசமாக, மூல நிரலோடு வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் நிற எண் கொடுத்துவிட்டு, எண்ணின் நிறத்தை மாற்றினால் காட்சி முழுக்க மாறிவிடும். இரவுக் காட்சியைப் பகலாக்கிப் பாருங்கள், இரண்டாம் கேள்விக்குச் சொன்ன பதில் பத்து நிமிடத்தில் கையால் புரிந்துவிடும்.

'ஸ்பிரிட்டட் அவே' எங்க வீட்டு டிவிடியில ஒரு நிறம், ப்ளூரேயில ஒரு நிறம். எது சரி?

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. 2002-ல் ஜப்பானில் வெளியான டிவிடியில் படம் முழுக்கச் சிவப்புச் சாயல் ஏறியிருந்தது. வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள், வழக்கு வரை போயிற்று. 2014-ல் ஜப்பானில் ப்ளூரே வந்தபோது அந்தச் சிவப்பு இல்லை. ஆக ப்ளூரேயை வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒன்று கவனித்தீர்களா? வண்ண வடிவமைப்பாளரின் பேர் தெரியாத ஆயிரக்கணக்கான பேர், நிறம் மாறியதும் "இது நாங்கள் தியேட்டரில் பார்த்த படம் இல்லை" என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

இவர் ஸ்டுடியோவின் அதிகாரியா, இல்ல தொழிலாளியா?

துறைத் தலைவர். பூசும் பிரிவை நடத்துவது, ஆட்களைப் பழக்குவது, வெளியில் பூசக் கொடுத்தால் திரும்பி வந்ததைச் சரிபார்ப்பது, வெளியீட்டுத் தேதிக்குள் கடைசிச் செல் வரை முடிப்பது, எல்லாம் அவர் தலையில். படத்தில் எல்லோர் தாமதமும் கடைசியில் வந்து குவியும் இடம் அதுதான். கதைப்பலகை தாமதம், வரைவது தாமதம் என்று தள்ளித் தள்ளி வந்தபின், மிச்சமிருக்கும் நாட்களில் பூசுகிறவர்கள்தான் ராப்பகலாக உட்கார வேண்டும்.

அங்கே நிலைமை மெல்ல மாறியதையும் சொல்ல வேண்டும். முதலில் ஒரு படத்துக்கு ஆள் சேர்த்து, முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். 1989-ல் 'கிக்கி' படம் வந்ததற்குப் பிறகு ஆட்களை நிரந்தரமாக வைத்து மாதச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள். 1992-ல் டோக்கியோவின் புறநகரான கொகனேயில் புதுக் கட்டடம் கட்டியபோது பெண்கள் கழிப்பறையை ஆண்களுடையதைப் போல இரண்டு மடங்காக வைத்தார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அந்தக் கட்டடத்தில் யார் வேலை பார்க்கிறார்கள் என்று யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

வண்ணம் பூசினவங்க ஸ்டுடியோவையே நடத்தின கதை ஏதாவது இருக்கா?

இருக்கிறது, கியோத்தோ அனிமேஷன். அதைத் தொடங்கிய யோகோ ஹத்தா, புகழ்பெற்ற படக்கதை ஓவியர் ஒசாமு தெசுகாவின் ஸ்டுடியோவான முஷி புரொடக்‌ஷனில் பூசும் வேலை பார்த்தவர். திருமணமாகிக் கியோத்தோவுக்குப் பக்கத்திலுள்ள ஊஜிக்கு வந்தவர், 1981-ல் அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளைச் சேர்த்துக்கொண்டு டோக்கியோ ஸ்டுடியோக்களுக்குப் பூசிக் கொடுக்கத் தொடங்கினார். 1985-ல் அது முறையான நிறுவனமானது, கணவர் ஹிதேயாகி ஹத்தா தலைவர். பூசுவதில் தொடங்கி வரைவது, இயக்குவது, புத்தகம் பதிப்பது என்று வளர்ந்து, வேலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் துறையில் மாதச் சம்பளம் கொடுக்கும் இடம் என்று பெயர் வாங்கியது. பெண்கள் நிறைந்த ஸ்டுடியோ.

2019 ஜூலை 18-ல் அங்கே ஒருவன் வைத்த தீயில் 36 பேர் இறந்துபோனார்கள். இறந்தவர்களில் ஒருவர் வண்ண வடிவமைப்பாளர் நவோமி இஷிதா, 'எ சைலன்ட் வாய்ஸ்' படத்தின் நிறங்கள் அவருடையவை. அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் அந்த ஊரின் தண்ணீரும் வெளிச்சமும் நினைவிருக்கும். அடுத்த முறை பார்க்கும்போது அவர் பெயர் வரும்வரை எழுந்துவிடாமல் இருங்கள்.

யசுதா எப்போ ஓய்வு பெற்றார்?

2008-ல் 'போன்யோ'வோடு நிறுத்திக்கொண்டார். அப்புறம் மியாசாகி 'தி விண்ட் ரைசஸ்' எடுத்தபோது திரும்பி வந்தார், 2013-ல் படம் வெளியானது. அதுவே கடைசி. எழுபது தாண்டிய வயதில், 1923 நிலநடுக்கத்தின் தூசியையும், விமானங்கள் பறக்கும் கனவு வானத்தையும் ஒரே படத்தில் கட்டிக் கொடுத்தார்.

'தி பாய் அண்ட் தி ஹெரான்'ல வர கிரிகோ இவர்தான்னு சொல்றாங்களே, உண்மையா?

தயாரிப்பாளர் தொஷியோ சுசுகி அப்படித்தான் சொல்லியிருக்கிறார். கதாநாயகனான மஹிதோ என்ற பையன்தான் மியாசாகி, அவன் அம்மா வழிப் பெரிய தாத்தா தகஹாதா, கொக்கு சுசுகி, கிரிகோ யசுதா. படம் வந்தது 2023-ல், அதற்குள் யசுதாவும் தகஹாதாவும் போய்விட்டார்கள். கிரிகோ வேற்றுலகத்தில் தனியாகப் படகோட்டி, பெரிய மீனைப் பிடித்து அறுத்து, பசித்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பவள். பயந்துபோன பையனிடம் வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்வாள், ராத்திரி அவனைப் பத்திரமாகத் தூங்கவைப்பாள். தொழிற்சங்கக் காலத்திலிருந்து ஐம்பது வருடம் பக்கத்தில் இருந்த ஒருவரை நினைத்து வரைந்தது என்று தெரிந்தபின் அந்தக் காட்சிகள் எனக்கு வேறாகத் தெரிகின்றன. அழுகை வந்துவிடுகிறது.

நிறத்தை மட்டும் கவனிச்சுப் பார்க்கணும்னா எங்க தொடங்கறது?

முதலில் 'கிரேவ்', ஆனால் மனசு தெம்பாக இருக்கும் நாளில். செட்சுகோ முகத்தில் படத்தை நிறுத்தி விளிம்புக்கோட்டைப் பாருங்கள், அடுத்து அதே வருடத்து வேறு ஏதாவது அனிமேயில் ஒரு முகத்தை நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

அப்புறம் 'ஒன்லி யெஸ்டர்டே'. நினைவுக்கும் நிகழ்காலத்துக்கும் மாறும் இடங்களில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், எந்த வருடத்தில் இருக்கிறோம் என்று நிறத்தை வைத்தே தெரிகிறதா என்று. மூன்றாவதாக 'ஸ்பிரிட்டட் அவே'யில் ரயில் தண்ணீர்மேல் போகும் பகுதி. கதாநாயகி சிஹிரோ போட்டிருக்கும் உடை அதேதான், பொழுது சாயச் சாய அவள்மேல் இருக்கும் நிறம் எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணிக்கொண்டே வாருங்கள், எண்ணி முடித்தால் எனக்குச் சொல்லுங்கள், நான் இரண்டு முறை எண்ணியும் இரண்டு கணக்கு வந்தது.